மஞ்சள் தொப்பி, பச்சைத் தொப்பி

அன்று அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசை என்றால் தறிக்கு லீவு. மாமியார் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, கூடத்துச் சுவரில் சாய்ந்தபடி முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். டிவிக்கு முன்னால் தரையில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக். அதன் ஒயர் குட்டை என்பதால் டிவியை முட்டிவிடும் தூரத்தில் இருந்தோம்.

டிவிக்குள் இரண்டு வீரர்கள் நின்றார்கள். மஞ்சள் தொப்பி போட்டவர் அவர். பச்சைத் தொப்பி நான். எதிரே ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வருகிறவன்போல அவசரமே இல்லாமல் நடந்து வந்தான்.

அவர் சுடட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் சுடட்டும் என்று அவர் காத்திருந்தார். வந்தவன் இரண்டு பேரையும் சுட்டுத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான்.

மறுபடி ஆரம்பித்தோம். மறுபடியும் அதே கதை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கொழுந்தன் மோகன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா அண்ணி இது? யார்னா ஒருத்தராவது சுடுங்க. ரெண்டு பேரும் மரியாதை குடுத்துகினு நின்னா எப்படி?"

மரியாதையாவது ஒன்றாவது. அது தறிப் பழக்கம்.

போடு, விடு, இரு

கோர்வைச் சேலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இதை ஒரே ஆள் நெய்வது பெரும்பாடு. ஒருவர் குழியில் காலை விட்டு, மிதிகளை மிதித்துக்கொண்டு உட்காருவார். இன்னொருவர் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கான நாடாவைப் போடுவார். நாடா என்றால் நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் மரக்கட்டை.

எங்கள் வீட்டுத் தறியில் குழியில் அவர், ஓரத்தில் நான். அவர் நாடா வந்து சேர்ந்த பிறகுதான் என் நாடா போக வேண்டும். என்னுடையது போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருடையது கிளம்ப வேண்டும். நடுவில் ஒருவர் அவசரப்பட்டால் நூல் சிக்கிக்கொள்ளும். அப்புறம் அரை நாளைக்கு பேஜார்தான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை இப்படி ஒருவர் கைக்காக ஒருவர் காத்திருந்தே எங்கள் கைகள் பழகிப்போயிருந்தன. ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தவுடன் கை மாறிவிடுமா? ஊரில் மற்றவர்கள் இந்த கேமில் பள்ளத்தில் விழுந்து செத்தார்கள், குண்டு பட்டுச் செத்தார்கள். காத்திருந்தே செத்த ஜோடி நாங்களாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தறியில் எங்களுக்குள் இருந்த பேச்சு மொத்தமே மூன்று வார்த்தைதான். போடு. விடு. இரு. வேலை முடிந்தால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். மாமியார் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. யாரும் தடுக்கவில்லை. ஆனால் எதைச் சாக்கு வைத்து உட்காருவது?

அந்தச் சாக்காகத்தான் டப்பா வந்தது.

டப்பா வந்த விதம்

மோகன் சென்னையில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். புதுசாகக் கல்யாணமானவர். அவர் மனைவி சுதாவுக்கு எங்கள் ஆரணிக்கு வந்தால் பொழுது போகவில்லையாம். அதற்காக ஒரு வீடியோ கேம் டப்பாவைத் தோள்பையில் போட்டு எடுத்துவந்தார். சென்னைக்குத் திரும்பும்போது பையில் இடமில்லை, அடுத்த அமாவாசைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டுப் போனார். பையில் இடமில்லாமல் போனதற்குக் காரணம் என் மாமியார் கட்டிக்கொடுத்த முறுக்கும் வறுத்த மணிலாக்கொட்டையும். ஆக, எங்கள் வீட்டுக்கு கேம் வந்ததற்கு மாமியாரும் ஒரு காரணம். இதை அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கேசட்டின் மேல் ஆயிரம் கேம் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. போட்டுப் பார்த்தால் ஏழோ எட்டோதான். மற்றதெல்லாம் அதே கேமை வேறு நிறத்தில் காட்டி, வேறு பெயர் வைத்து நீட்டியது. சேலைக் கடையில் ஒரே டிசைனைப் பத்து கலரில் விரித்துப் போட்டு "புது வெரைட்டி வந்திருக்கும்மா" என்பார்களே, அதே வியாபாரம்தான். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. அவருக்கு நம்ப மனசு வரவில்லை. ஐந்நூற்றுச் சொச்சம்வரை பொறுமையாகத் தேடிப் பார்த்தார்.

வாத்து சுடுவது ஒன்று இருந்தது. சுடத் தவறினால் ஒரு நாய் எழுந்து நின்று சிரிக்கும். என்னைப் பார்த்து ஒரு நாய் சிரிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதை அன்றோடு விட்டேன். பீரங்கி வண்டி ஒன்று, மோட்டார் பைக் ஒன்று. மோட்டார் பைக்கில் அவர் வளைவு வரும்போதெல்லாம் தானும் சேர்ந்து சாய்வார். ஒருதரம் மாமியாரின் வெற்றிலைப் பெட்டி மேலேயே சாய்ந்துவிட்டார்.

கடைசியில் நாங்கள் நின்றது இந்தத் தொப்பி கேமில்தான். காரணம், அதில்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடலாம்.

"மேலே பாருங்க, மேலே பாருங்க!"

"குதி! குதின்னா குதிக்கணும், யோசிக்கக் கூடாது!"

"நீங்க ஏன் அங்க போறீங்க? இங்க வாங்க!"

"ஏ லூசு, அது பள்ளம்!"

என்னை அவர் முதன்முதலாக லூசு என்று சொன்னது அப்போதுதான். அன்றைக்கு முழுக்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். போடு, விடு, இரு என்பவற்றோடு லூசும் சேர்ந்துகொண்டது.

சேத்துப்பட்டுக்கு ஒரு பதில்

நடுவில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியைப் படிக்கும் சேத்துப்பட்டு வாசகி ஒருவர், "அக்கா, பழைய கதை சரி, இப்போது வந்திருக்கும் கேமெல்லாம் ஆடுகிறீர்களா, எப்படி இருக்கிறது என்று சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். ஆடாமல் என்ன? என் மகள் வேலைக்குப் போன ஊரிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் கறுப்பு கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆடாமலே போய்விடுகிறாள். ஆடுவது நான்தான். கருத்து சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

ஊர் முழுக்கச் சுற்றலாம், யாருடைய காரை வேண்டுமானாலும் பிடுங்கிக்கொண்டு போகலாம் என்று ஒரு கேம். எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள். நானும் ஒரு சிவப்புக் காரை எடுத்தேன். சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்ததும் கிளம்பினேன். பாலம்வரை போய் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே காரை விட்டேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. என் மகள்தான், "அம்மா, இந்த கேமை இப்படி ஆடின ஒரே ஆள் நீதான்" என்றாள். அத்தனை பெரிய ஊரில் உட்கார்ந்து டீ குடிக்க ஒரு கடை இல்லை. அது பெரிய குறை.

இன்னொன்று, அரண்மனையும் கத்திச் சண்டையும். அதில் ஒரு ராணி வருகிறாள். முகத்தை அத்தனை அழகாகச் செய்தவர்கள் புடவை விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டார்கள். ஒரே பூப் புட்டாவை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறார்கள், ஒட்டிய இடம் தோளில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. ராணி திரும்பினால் துணி அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு திரும்புகிறது. இதை எங்கள் தெருவில் நெய்து கொண்டுபோய்க் கொடுத்தால் முதலாளி மூஞ்சியில் எறிவார். அவள் அழுதுகொண்டு ராஜ்யம் போன கதையைச் சொல்லும்போது நான் முந்தானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரிக்கெட் கேமைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். அது என் வீட்டுக்காரர் சொத்து. அம்பயரைத் திட்டிக்கொண்டே ஆடுவார். டிவிக்குள் இருக்கிற அம்பயரை.

இவற்றில் எல்லாம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இப்போது செத்தால் செத்த இடத்திலேயே எழுந்து நிற்கிறான். எத்தனை தரம் வேண்டுமானாலும். உயிருக்கு ஒரு கணக்கும் இல்லை, மதிப்பும் இல்லை. முன்பெல்லாம் ஆளுக்குச் சில உயிர்கள்தான். தீர்ந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் மனசு வைத்தால்தான் உண்டு.

பேச்சு தானாகவே தொப்பிக்கு வந்துவிட்டது பாருங்கள்.

பொத்தானில் கை பட்டது

அந்த கேமில் உயிர்களைக் குட்டித் தொப்பிகளாகக் காட்டுவார்கள். அவர் பக்கம் சில மஞ்சள் தொப்பி, என் பக்கம் சில பச்சைத் தொப்பி. ஒருதரம் என் தொப்பிகள் எல்லாம் தீர்ந்துபோயின. சும்மா உட்கார்ந்திருந்த நான் விளையாட்டாக ஒரு பொத்தானை அழுத்தினேன். என் ஆள் மேலேயிருந்து குதித்து எழுந்து நின்றான். அதே நேரம் அவர் பக்கத்தில் ஒரு மஞ்சள் தொப்பி காணாமல் போனது.

அவருக்கு ஆச்சரியம். "பார்றா! என் உசுரு ஒண்ணு உங்கிட்ட வந்துட்ச்சி!" என்றார்.

முறம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"இன்னாடா சொன்ன?" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்லம்மா, ஆட்டத்துல..."

"அமாவாசையும் அதுவுமா, புருஷன் உசுர எடுத்துகினு ஆடறா! நீயும் பல்ல காட்டிகினு குந்தினுகீற! நிறுத்துங்கடா அந்தக் கருமாந்தரத்த!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்று என் கை தானாகவே கழுத்துக்குப் போய்த் தாலியைத் தொட்டுப் பார்த்தது. படித்த பெண்தான் நான், பன்னிரண்டாவது பாஸ். டிவிக்குள் இருப்பது வெறும் வெளிச்சம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை தாலியை விட்டு இறங்கவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பொத்தானை நான் தொடவே இல்லை. என் தொப்பிகள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிடுவேன். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாட்டேன் என்றுவிட்டேன். இவர் மட்டும் தன் தொப்பி தீர்ந்தால் என்னுடையதை டக்கென்று எடுத்துக்கொள்வார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அதைப் பார்த்து மாமியாரும் முறத்தைக் கீழே போட மாட்டார். இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கடைசி ரவுண்டில் ஒரு இரும்பு எருமை வரும். வீடு உயரம். வாயிலிருந்து நெருப்பு கக்கும். யார் சுடுகிறார்களோ அவர்கள் பக்கம் திரும்பும். திரும்பினால் அதன் முதுகில் ஒரு சிவப்பு விளக்கு தெரியும். இன்னொருவர் அந்த விளக்கைச் சுட வேண்டும். தனி ஆளால் ஜென்மத்துக்கும் முடியாது. நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் என் தொப்பிகள் தீர்ந்துவிடும். அவர் மட்டும் எருமைக்கு முன்னால் ஒண்டியாக நின்று, கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி ஓடிவிட்டுச் சாவார்.

அதுவும் போயும் போயும் எருமை. எமன் வாகனம். அதற்கு முன்னால் நின்றுகொண்டு புருஷன் உயிரில் ஒன்றை எடுக்க எனக்கு எப்படிக் கை வரும், சொல்லுங்கள்.

மாமியார் வழங்கிய தீர்ப்பு

அடுத்தடுத்த அமாவாசைகளுக்கு மோகனும் சுதாவும் வந்தார்கள். டப்பா மட்டும் சென்னைக்குத் திரும்பவில்லை. ஏதோ ஒரு காரணம் சொல்லி என் வீட்டுக்காரர் நிறுத்திவைத்துக்கொண்டார். கடைசியில் சுதாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, வாங்கினது நாங்க. நீங்க ரெண்டு பேரும்தான் ஆடிகினு இருக்கீங்க" என்றாள் என்னிடம். நியாயமான பேச்சுதான்.

அண்ணன் தம்பிக்குள் குரல் கொஞ்சம் ஏறியது. மாமியார் மொச்சையை ஒதுக்கி வைத்துவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டார். அவர் கொண்டை முடிந்தால் வீட்டில் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"ரெண்டு ஜோடியும் குந்தி ஆடுங்க. எந்த ஜோடி அந்த எருமைய சாய்க்குதோ, அவங்க எடுத்துகினு போங்க. யாராலயும் ஆவலன்னா எங்கிட்ட குடுத்துடுங்க. கெணத்துல போட்டுட்டு நிம்மதியா நான் நாடகம் பாக்கறேன்."

டப்பா வந்ததிலிருந்து அமாவாசை மத்தியானத்தில் அவருடைய டிவி நாடகம் போய்விட்டது. அந்தக் கிணற்றுத் தீர்ப்புதான் நடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை என்பது எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பா போய்விட்டால் வேறு ஒன்றும் குறைந்துவிடாது. சோறு வேகும், தறி ஓடும். ஆனால் மறுபடி போடு, விடு, இரு. அவர் டீக்கடைக்கு, நான் அடுப்படிக்கு. அந்த லூசு என்கிற வார்த்தையும் பஸ் ஏறி சென்னைக்குப் போய்விடும். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காக அழுதேன் என்று வெளியே சொல்ல முடியுமா? ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

எருமைக்கு முன்னால்

முதலில் மோகனும் சுதாவும். சென்னை வேகம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படபடவென்று சுட்டார்கள். அவர் உயிரை இவள் எடுத்தாள், இவள் உயிரை அவர் எடுத்தார், எடுக்கும்போதெல்லாம் மாமியார் "சிவ சிவா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எருமைவரை சுலபமாகப் போய்விட்டார்கள். அங்கே இரண்டு பேரும் சேர்ந்தே சுட்டதில் எருமை யார் பக்கமும் முழுசாகத் திரும்பவில்லை. நடுவில் நின்று இரண்டு பேர் மேலும் நெருப்பைக் கக்கியது.

"நான் சுடறப்ப நீ ஏன் சுடற?" என்றார் மோகன்.

"நீங்க சுடறப்ப நான் இன்னா வேடிக்கை பாக்கணுமா?" என்றாள் சுதா. கடைசித் தொப்பியும் போனது. அவர்கள் சண்டை மட்டும் போகவில்லை.

அடுத்து நாங்கள். பல அமாவாசைகள் ஆடியதில் காத்திருந்தே சாகிற வியாதி எங்களுக்கு முக்கால்வாசி சரியாகிவிட்டிருந்தது. காடு தாண்டினோம், பாலம் தாண்டினோம், பனிமலை தாண்டினோம். மாமியார் பார்க்கவே போவதில்லை என்று சொல்லிவிட்டு உரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய முறம் கொஞ்சம் கொஞ்சமாக டிவியை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

எருமை இருந்த கோட்டை வாசலில் என் கடைசிப் பச்சைத் தொப்பி போனது. எங்கிருந்தோ வந்த ஒரு உதவாக்கரைக் குண்டு. நான் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தேன்.

மஞ்சள் தொப்பிக்காரர் மட்டும் உள்ளே போனார். எருமை வந்தது. அவர் பக்கத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு குட்டித் தொப்பி. ஒரு தூணுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"எடுத்துக்கோ செல்வி."

"வேணாங்க."

"அட, எடுத்துக்கோன்னா!"

"வேணாங்க. எனக்கு மனசு வரல."

சுதா எழுந்து பையைக் கொண்டுவந்தாள். "எப்படியும் அக்கா எடுக்கமாட்டாங்க. மாமாவால தனியா ஆவாது. ஜல்தி கட்டினாதானே அஞ்சு மணி பஸ்ஸ புடிக்கலாம்?" என்று டப்பாவுக்கு வந்த அட்டைப்பெட்டியைத் தேட ஆரம்பித்தாள்.

எருமை தூணை இடித்தது. மஞ்சள் தொப்பி இந்தப் பக்கம் ஓடியது. நெருப்பு. அந்தப் பக்கம் ஓடியது. மறுபடி நெருப்பு. பக்கத்தில் சுடுவதற்கு ஆளில்லாமல் அவர் ஒண்டியாக ஓடிக்கொண்டிருந்தார். அவர் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது. சுடவில்லை. பழக்கதோஷம், என் நாடா வரட்டும் என்று காத்திருந்தார்.

என் முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்குவது கேட்டது. மாமியார் எப்போது அத்தனை கிட்டே வந்தார் என்று தெரியவில்லை. உரித்த மொச்சையைத் தரையில் போட்டுவிட்டு, முறத்தில் தோலைச் சேர்த்துவைத்திருந்தார்.

"எடுத்துக்கடி!" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஒண்டியா நிக்கறான் பாரு என் புள்ள! அந்த எருமை அவன இன்னா பாடு படுத்துது! பாத்துகினு குந்தியிருக்கியே! எடுத்துக்கடி!"

"அத்தே, நீங்கதானே அன்னிக்கு..."

"அன்னிக்கு சொன்னேன். இன்னிக்கு எடுன்றேன். பெத்தவ நான் சொல்றேன். ஒண்ணும் ஆவாது. எடுத்துக்க!"

பெற்றவளே சொல்லிவிட்ட பிறகு எமனே வந்தாலும் என்ன? பொத்தானை அழுத்தினேன். மிச்சம் இருந்த அந்தக் குட்டி மஞ்சள் தொப்பி மறைந்தது. என் பச்சைத் தொப்பி மேலேயிருந்து குதித்தது. மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது.

"போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் சுட்டேன். எருமை என் பக்கம் திரும்பியது.

"விடு."

நான் நிறுத்தினேன். அவர் விளக்கைச் சுட்டார். எருமை அவர் பக்கம் திரும்பியது. இப்போது விளக்கு என் பக்கம். போடு. விடு. இரு. போடு. சென்னை ஜோடிக்கு வராதது எங்களுக்கு வந்தது. காத்திருக்கத் தெரிந்த கை. முதல் ரவுண்டில் எங்களைக் கொன்ற அதே பழக்கம்தான் எருமையை ஆட்டம் காண வைத்தது. மோகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சுதா கையில் அட்டைப்பெட்டியோடு நின்றாள்.

எருமை சாயப்போகிற நேரம். கடைசியாக ஒரு நெருப்பைக் கக்கியது. அது மஞ்சள் தொப்பி மேல் பட்டது. அவர் போய்விட்டார். விளக்கு என் எதிரே இருந்தது. நான் சுட்டேன்.

எருமை வெடித்துச் சிதறியது. பாட்டு வந்தது. இங்கிலீஷில் ஏதோ பாராட்டு ஓடியது. சூரியன் உதிக்கிற மலை மேல் பச்சைத் தொப்பி மட்டும் தனியாக நின்றுகொண்டு கையை ஆட்டியது.

கூடத்தில் யாரும் கைதட்டவில்லை.

"என் புள்ள எங்கடி?" என்றார் மாமியார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அம்மா, நான் இங்கதான்..." என்று பக்கத்திலிருந்து அவர் சொன்னது மாமியார் காதில் விழவே இல்லை. அவர் கண் டிவியிலேயே இருந்தது. எனக்கும் அப்படித்தான். பக்கத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிற மனுஷனை விட்டுவிட்டு, டிவிக்குள் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பாட்டு நின்றது. திரை கறுத்தது. அப்புறம் அந்தப் பழைய கேம்களின் வழக்கப்படி, ஆட்டம் தானாகவே முதல் ரவுண்டிலிருந்து மறுபடி தொடங்கியது. அதே காடு. மேலேயிருந்து இரண்டு பேர் குதித்தார்கள். பச்சைத் தொப்பி. பக்கத்தில் மஞ்சள் தொப்பி. தொப்பிகள் எல்லாம் முழுசாக வரிசை கட்டி நின்றன.

"தோ, வந்துட்டான்!" என்றார் மாமியார். என் தோளை அப்போதுதான் விட்டார்.

அதோடு நிற்கவில்லை. உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து எங்கள் இரண்டு பேரையும் கிழக்கே பார்த்து உட்காரவைத்துச் சுற்றிப்போட்டார். கையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததைப் பார்த்து யோசித்தார். டிவிக்கும் ஒரு சுற்று சுற்றினார்.

மோகன் சிரித்துக்கொண்டே, "டப்பா உங்களுக்கே அண்ணி" என்றார். சுதாவும் சிரித்துவிட்டாள். அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த அமாவாசைக்கு அந்த எருமையைத் தன்னோடு ஒருதரம் ஆட வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். அவளும் நானும் ஆடியது வேறு கதை.

மறுநாள் காலை

மறுநாள் தறி ஓடியது. மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. அவர் குழியில், நான் ஓரத்தில். போடு, விடு, இரு என்று கொஞ்ச தூரம் போனது. அவர் முறை வந்தது. நாடா வரவில்லை. நூல் ஏதாவது அறுந்துவிட்டதா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க?"

"என் உசுரு ஒண்ணு உங்கிட்ட இருக்குது. எப்ப திருப்பித் தருவ?" என்றார்.

உள்ளே மாமியார் இருக்கிறார் என்பதுகூட நினைவில்லாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தர மாட்டேன் என்றேன்.

இன்றுவரை தரவில்லை.